கைதட்டலும் ஆர்டரும்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் மேடைப் பேச்சு புதிதில்லை. சுதந்திர தினம், காமராஜர் பிறந்தநாள், ஆண்டு விழா என்று வருடத்தில் எப்போதாவது ஒரு பேச்சுப்போட்டி வந்துவிடும். தமிழ் ஐயா எழுதிக் கொடுப்பார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ‘அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்’ என்று தொடங்கி, தலைமை ஆசிரியர், நடுவர்கள், சக மாணவர்கள் என்று தனித்தனியாக வணக்கம் வைத்து, நாலு மேற்கோள் சேர்த்து, கடைசிப் பத்தியில் குரலை உயர்த்தி முடித்தால் கைதட்டல் நிச்சயம். ஒரு எவர்சில்வர் டம்ளரும் சான்றிதழும் வீட்டுக்கு வரும்.

கூட்டத்தின் முன்னால் எழுந்து நிற்கும் துணிச்சலை அந்த மேடைகள்தான் நம்மில் பலருக்குக் கொடுத்தன. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் கோவையைச் சுற்றியிருக்கும் ஃபவுண்டரிகள் (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலைகள்), மெஷின் ஷாப்கள், பம்ப் கம்பெனிகளோடு பல வருடமாக வேலை பார்க்கிற எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தொழிலுக்காகப் பேச எழும்போதும் நாம் அதே பேச்சுப்போட்டிப் பேச்சைத்தான் பேசுகிறோம். நீளமான வணக்கம், கம்பெனி வரலாறு, நிறுவனர் படம், வாங்கிய விருதுகள். விஷயம் வருவதற்குள் எதிரே இருப்பவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

பேச்சுப்போட்டியில் கேட்பவருக்கு மார்க் போடுவதைத் தவிர வேலை இல்லை. தொழிலில் கேட்பவர் முன்னால் ஒரு முடிவு காத்திருக்கிறது. ஆர்டர் கொடுப்பதா, விலையை ஏற்றித் தருவதா, கடன் அனுமதிப்பதா, இந்த சப்ளையரை வைத்துக்கொள்வதா விடுவதா. அந்த முடிவை எடுக்க நம் பேச்சு அவருக்கு உதவ வேண்டும். நான் உட்கார்ந்த பிறகு இவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சைக் கட்டத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குரல், கை அசைவு, ஸ்லைடின் கலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு மீட்டிங்கைச் சொல்கிறேன். பம்ப் பாடி வார்த்துக் கொடுக்கும் ஒரு ஃபவுண்டரி. அதை வாங்கும் கம்பெனியில் மெஷினிங் செய்தபோது காஸ்டிங்கில், அதாவது வார்த்த பீஸில், ப்ளோ ஹோல் தெரிய ஆரம்பித்தது. வெளியே பார்த்தால் நல்ல காஸ்டிங்தான், மேல் பரப்பைக் கடைந்து எடுத்தால் உள்ளே ஓட்டை. அசெம்பிளி லைன் நின்றுவிட்டது. டெபிட் நோட் போட்டு நஷ்டத்தை ஃபவுண்டரிக்குத் தர வேண்டிய பணத்தில் கழிக்கப் போகிறார்கள், அதற்கு முன் வந்து விளக்கம் சொல்லச் சொல்லி அழைப்பு. ஃபவுண்டரியின் குவாலிட்டி மேனேஜர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். முதல் ஸ்லைடில் கம்பெனி லோகோ. இரண்டாவதில் தொடங்கிய வருடம். அப்புறம் தொழிற்சாலையின் வெளிப்புறப் படம், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ். அடுத்ததுக்குப் போவதற்குள் எதிரே இருந்த பர்ச்சேஸ் ஹெட் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சார், உங்க கம்பெனி எங்களுக்குத் தெரியும். இத்தனை வருசமா வாங்கிட்டுதான இருக்கோம். நாளைக்கு வர்ற காஸ்டிங் நல்லா இருக்குமா, இருக்காதா? அதைச் சொல்லுங்க.”

மேனேஜர் லேப்டாப்பைப் பார்த்தார். அந்தப் பதில் இருந்த ஸ்லைடு இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. பதில் சொன்னது சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த, மணல் அச்சு செய்யும் பகுதியைப் பார்க்கிற மோல்டிங் சூப்பர்வைசர்.

“நல்லா இருக்கும்ங்க சார். மணல்ல ஈரம் ஜாஸ்தியாயிருச்சு. மிக்ஸர்ல தண்ணி வால்வு ஒழுகிட்டு இருந்துருக்கு. அதை மாத்தியாச்சுங்க. இப்ப ஒவ்வொரு பேட்ச் மணலையும் டெஸ்ட் பண்ணித்தான் மோல்டுக்கு விடறோம். நேத்து நைட் ஷிஃப்ட்ல ஊத்துனதுல பத்து பீஸை எடுத்து நாங்களே மெஷின் பண்ணிப் பாத்தோம், ஒண்ணுலயும் ஓட்டை இல்லைங்க. அந்தப் பத்தும் கீழ வண்டிலதான் இருக்கு. எடுத்துட்டு வரட்டுங்களா?”

அரை நிமிடம்கூட இருக்காது. பத்து பீஸும் மேலே வந்தன, மேசை மேல் பேப்பர் விரித்து வைக்கப்பட்டன. பர்ச்சேஸ் ஹெட் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு டெபிட் நோட் தொகையைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. சப்ளையரை மாற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவர் பேசிய வரிசையைக் கவனியுங்கள். கேட்ட கேள்விக்கு முதல் வார்த்தையிலேயே பதில். அடுத்து காரணம். என்ன செய்தோம் என்பது. அதற்குச் சாட்சி. கடைசியாக, இப்போதே பார்க்கலாமா என்று ஒரு கேள்வி. பேச்சுப் பயிற்சி எதற்கும் போனவர் அல்ல அவர். எதிரே இருக்கும் மனிதருக்கு எது உறுத்துகிறது என்று தெரிந்திருந்தது, அதிலிருந்து ஆரம்பித்தார். மேனேஜரின் ஸ்லைடுகளிலும் இதே விவரங்கள் எல்லாம் இருந்தன, இன்னும் விரிவாகவே இருந்தன. வரிசைதான் மாறியிருந்தது.

வாகன உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்கு, தரப் பிரச்சினையை எட்டுப் படிகளில் அலசும் 8டி ரிப்போர்ட் பழக்கம். ஃபோர்டு கம்பெனி 1980களில் வடிவம் கொடுத்த முறை. குழு அமைப்பது முதல் படி, பிரச்சினையை விவரிப்பது இரண்டாவது, பாதிப்பு மேலும் பரவாமல் தற்காலிகமாகத் தடுப்பது மூன்றாவது, மூல காரணம் நாலாவது. அங்கிருந்து நிரந்தரத் தீர்வைத் தேர்ந்தெடுத்து, செயல்படுத்தி, மறுபடி வராமல் தடுத்து, எட்டாவதாகக் குழுவைப் பாராட்டுவது வரை போகும். பிரச்சினையை ஆராய இதைவிட ஒழுங்கான வழி கிடைப்பது கஷ்டம். ஆனால் மீட்டிங்கில் நம்மவர்கள் அதை டி1 முதல் டி8 வரை அப்படியே வாசிக்கிறார்கள். குழுவில் யார் யார் என்று கேட்கவா வாடிக்கையாளர் கூப்பிட்டார்? என் லைன் இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்பதுதான் அவர் மனதில் ஓடுவது. அது டி3. அதைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போனால் நிதானமாகக் கேட்பார். நாம் உண்மையைக் கண்டுபிடித்த வரிசையில்தான் அதைச் சொல்லவும் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தகவல் கையில் இருப்பதும், அதை எதிரே இருப்பவர் கண்ணில் படும்படி அடுக்குவதும் எவ்வளவு வேறு வேறு வேலை என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 மாலை. மறுநாள் காலை ஏவுதல். ஃப்ளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை. பூஸ்டர் ராக்கெட் செய்து கொடுத்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் இன்ஜினியர்கள் நாசா அதிகாரிகளோடு போனில் கூட்டம் நடத்தினார்கள். ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் குளிரில் விறைத்துவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அது நம் கணக்கில் சுமார் 12 டிகிரி செல்சியஸ். அட்டவணைகளையும் வரைபடங்களையும் ஃபேக்ஸில் அனுப்பினார்கள். நாசா தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. சூடான நாளில் போன விண்கலத்திலும் ஓ-ரிங் பாதிப்பு இருந்திருக்கிறதே, அப்படியானால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வி நின்றது. தியோகால் மேலாளர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து, ஏவலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். மறுநாள் 73 வினாடிகளில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

அந்த இன்ஜினியர்கள் சொன்னது சரி. மேலிடத்து அழுத்தத்துக்கு எதிரே நின்று சொன்னார்கள், பழியை அவர்கள் மேல் போட முடியாது. ஆனால் விசாரணைக் கமிஷன் அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது, அதை ஒவ்வொரு குவாலிட்டி இன்ஜினியரும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று பேச்சு முழுக்கப் பாதிப்பு வந்த ஏவுதல்களைச் சுற்றியே நடந்தது. பாதிப்பு வராதவற்றையும் சேர்த்து வெப்பநிலை வாரியாக வைத்துப் பார்த்தபோது படமே மாறிவிட்டது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவுதல்களில் மூன்றில்தான் பாதிப்பு. 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கில் நான்கிலும் பாதிப்பு. இந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகு விளக்கம் தேவைப்படாது.

பிப்ரவரி 11 அன்று நடந்த விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் செய்ததும் அதே வகைதான். ஓ-ரிங் ரப்பர் துண்டு ஒன்றைச் சின்னக் கிளாம்பில் இறுக்கி, மேசையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு, வெளியே எடுத்துக் கிளாம்பைக் கழற்றிக் காட்டினார். ரப்பர் உடனே பழைய நிலைக்கு விரியவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

ஃபவுண்டரிக்கும் இதே பாடம்தான். ரிஜெக்ட் ஆன பேட்ச்களை மட்டும் ஸ்லைடில் போட்டால், ஈரம் காரணமா, மெட்டல் சூடு காரணமா, அச்சுக்குள் வைக்கும் கோர் காரணமா என்று மேசையைச் சுற்றி ஆளுக்கொரு கருத்து வரும். அந்த மாதத்தின் எல்லா ஷிஃப்ட்களையும் ஈரப்பத வரிசையில் அடுக்கி, எதில் ஓட்டை வந்தது, எதில் வரவில்லை என்று பக்கத்தில் குறித்துக் காட்டுங்கள். ஒரே படம் போதும். தலைப்பில் ‘மணல் ஈரப்பதம்’ என்று போடாமல் ‘ஈரம் நாலு சதவீதத்தைத் தாண்டிய ஷிஃப்ட்களில்தான் ஓட்டை வந்திருக்கிறது’ என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள். தலைப்புகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாலே கதை புரிய வேண்டும். புரியவில்லை என்றால் ஸ்லைடைத் திருத்துவதில் பயனில்லை, நமக்கே விஷயம் இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம்.

பவர்பாயின்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1987இல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வந்த மென்பொருள், அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே 14 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் டிரான்ஸ்பரன்சி தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் திரையில் போட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். சிக்கல் எங்கே என்றால், பாயின்ட் பாயின்டாகப் போட்டுவிட்டால் யோசித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் தன் மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் பவர்பாயின்ட்டை நிறுத்தியதும் இதனால்தான். அதற்குப் பதிலாக ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அமைதியாக அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. நம் ஊர்க் கம்பெனிகளுக்கு ஆறு பக்கம் ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்லைடு போடுவதற்கு முன் சொல்ல வந்ததை ஒரு பக்கத்தில் வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘ஆகவே’, ‘ஆனால்’ என்று எழுத வேண்டிய இடங்களில் பேனா நிற்கும். மீட்டிங்கில் கேள்வி வரப்போவதும் அதே இடங்களில்தான்.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, முதல் வரியே மறந்துபோகிறது என்று என்னிடம் சொல்பவர்களில் பலர் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் நான் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைப் பற்றிச் சொல்வேன். இளவயதில் கூட்டத்தின் முன் பேச வேண்டும் என்றாலே அவருக்கு உடம்பு கெட்டுவிடுமாம், அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1950களின் தொடக்கத்தில் 100 டாலர் கட்டி டேல் கார்னகி பேச்சு வகுப்பில் சேர்ந்தார். முடித்ததும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று ஓமஹா பல்கலைக்கழகத்தில் முதலீடு பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவர் அலுவலகச் சுவரில் கல்லூரிப் பட்டங்களுக்கு இடமில்லை, அந்த வகுப்புச் சான்றிதழுக்கு உண்டு. பயம் போன பிறகு பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

உடம்பை முழுக்க அடக்க முடியாது, கொஞ்சம் வழிக்குக் கொண்டுவரலாம். படபடப்பு அதிகமாக இருப்பது பெரும்பாலும் முதல் ஒரு நிமிடம்தான். ஆகவே முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும்படி நெட்டுருப் போடுங்கள். மீதியை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவருக்கு ஒரு வார்த்தை தவறினால் அடுத்தது வராது, இதைப் பேச்சுப்போட்டி மேடைகளில் கண்ணீரோடு இறங்கிய பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறோம். எழுந்திருப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாகச் செய்யுங்கள். கையில் ஏ4 தாள் வேண்டாம், நடுக்கத்தைப் பெரிதாகக் காட்டும். லேசர் பாயின்டரும் அப்படித்தான், சிவப்புப் புள்ளி திரை முழுக்க ஆடும். கொஞ்சம் முன்னதாகவே போய் இரண்டு பேரிடமாவது சாதாரணமாகப் பேசிவிட்டு உட்காருங்கள். அப்புறம் எழுந்து நிற்கும்போது தெரிந்த முகம் இரண்டு இருக்கும்.

ஆனால் இதெல்லாம் பேசிப் பழகுவதற்கு ஈடாகாது. அதற்கு நான் பார்த்ததில் நல்ல இடம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி கிளப். 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான்டா அனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. இன்று நம் நகரங்களிலும் கிளப்புகள் இருக்கின்றன, தமிழிலேயே நடப்பவையும் உண்டு. பேசுவதற்கு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரத்தைக் காட்ட ஒருவர். நாம் எத்தனை முறை ‘ஆ…’ என்று இழுத்தோம் என்று எண்ண ஒருவர். பேச்சை அலசிச் சொல்ல இன்னொருவர். முன்னறிவிப்பே இல்லாத தலைப்பில் ஒன்று இரண்டு நிமிடம் பேசவைக்கும் பகுதியும் இருக்கும். எனக்கு அதுதான் மிகப் பயனுள்ளதாகத் தெரிகிறது, ஏனென்றால் வாடிக்கையாளர் கேள்வியும் முன்னறிவிப்போடு வருவதில்லை. கிளப்புக்குப் போக வசதி இல்லாதவர் போனில் தன் பேச்சைப் பதிவு செய்து கேட்கலாம். ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீங்கன்னா’ எத்தனை வருகிறது என்று தெரிந்துவிடும். ‘பார்த்தீங்கன்னா’ வரும் இடத்தில் வாயை மூடி ஒரு நொடி நின்றால் போதும். கேட்பவருக்கு அந்த நொடி நீளமாகத் தெரியாது, சொன்னது உள்ளே இறங்க அவகாசம் கிடைக்கும்.

மொழி அடுத்த கவலை. புனேயிலிருந்தோ குருகிராமிலிருந்தோ ஆள் வந்தால் ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஷாப் ஃப்ளோரில் மணிக்கணக்காகத் தெளிவாக விளக்கும் மனிதர், ஆங்கிலம் என்றதும் கடிதத்தில் எழுதுகிற கனமான வாக்கியங்களைத் தேடுகிறார், நடுவில் சிக்கிக்கொள்கிறார். சின்னச் சின்ன வாக்கியம் போதும். வால்வு ஒழுகியது, மாற்றினோம், சோதித்தோம், இதோ பீஸ். இதைச் சொல்ல எட்டாம் வகுப்பு ஆங்கிலம் தாராளம். வேகம் மட்டும் கவனம். பழகாத மொழியில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அவசரப்படத் தோன்றும். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால் தயங்காமல் தமிழில் பேசுங்கள், தொழில் வார்த்தைகள் எப்படியும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

வங்கியில் பேசுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவையான நடைமுறை மூலதனக் கடனுக்காகப் போகிற முதலாளி, அப்பா சைக்கிளில் போய் வியாபாரம் ஆரம்பித்த கதையில் தொடங்கினால் மேனேஜர் மரியாதைக்குக் கேட்பார். அவர் மனதில் ஓடும் கணக்கு வேறு. சிறு தொழில்களுக்கு விற்றுமுதல் முறை என்று ஒன்று உண்டு. வரும் வருடத்தில் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. விற்பனையில் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும், மீதி 20 சதவீதம் வங்கி தரலாம். விற்பனை 4 கோடி ரூபாய் என்று நீங்கள் சொன்னால் தேவை ஒரு கோடி, உங்கள் பங்கு 20 லட்சம், வங்கி 80 லட்சம். ஆகவே அவர் கேட்கப்போவது, “போன வருசம் மூணு கோடிதானே, இந்த வருசம் நாலு எப்படி வரும்?” என்பதுதான். மெஷின் போன்றவற்றுக்கான டெர்ம் லோனும் சேர்த்துக் கேட்டால் வட்டியும் தவணையும் கட்ட வருமானம் போதுமா என்று பார்ப்பார். உட்கார்ந்ததும், “80 லட்சம் லிமிட் கேட்க வந்திருக்கிறேன், 4 கோடி விற்பனைக்கு இதோ கையில் இருக்கும் ஆர்டர்கள், இதோ ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்” என்று ஆரம்பியுங்கள். அப்பாவின் சைக்கிள் கதையையும் விட வேண்டாம். நாணயத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது அதுவே நல்ல சாட்சி.

இனி கேள்வி நேரம். தொழில் பேச்சில் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் என்று நினைக்கிறேன். பிரசன்டேஷனை எவர் உதவியிலும் தயாரித்துவிடலாம், கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு நம் பட்டிமன்றத்திலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி.யில் சாலமன் பாப்பையா தலைமையில் நடக்கும் பட்டிமன்றங்களைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். நல்ல பேச்சாளர் எழுந்ததும் தான் தயாரித்து வந்ததைத் தொடங்குவதில்லை. எதிரணி கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்லித்தான் தன் கட்சிக்கு வருவார். எதிரணி பேசும்போது உன்னிப்பாகக் கேட்டவரால்தான் அது முடியும்.

மீட்டிங்கில் நாம் செய்வது நேர்மாறு. கேள்வி பாதியில் இருக்கும்போதே மனசுக்குள் பதில் தயாராகிறது, கேள்வியின் பின்பாதி காதில் விழுவதே இல்லை. முழுக்கக் கேளுங்கள். “நீங்க கேக்கறது இந்த மாசச் சரக்கைப் பத்தியா, இனிமே வர்றதைப் பத்தியா?” என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆமாம், இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போங்கள். தெரியாவிட்டால், “கையில் தகவல் இல்லை சார், நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பறேன்” என்று சொல்லி, அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதை அவர் பார்க்கட்டும். குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அது தவறு என்று பின்னால் தெரிந்தால், அன்று சொன்ன மற்ற எண்கள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். அதைத் துடைக்க வருடங்கள் ஆகும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாது என்று சொல்வதை அவமானமாக நினைத்தே பல நல்ல மனிதர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். தமிழில் ஸ்லைடு போட்டால் பி.டி.எஃப். பிரதி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது வேறு கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். புரொஜக்டருக்கான கேபிள் இணைப்பானை நீங்களே கொண்டு போங்கள். அரை மணி நேரம் கொடுத்திருந்தால் பதினைந்து நிமிடத்துக்குத் தயாரியுங்கள், மீதி கேள்விக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது. சத்தமாகப் பேசிக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் வழி. மனசுக்குள் வாசித்தால் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். மீட்டிங் முடிந்த அன்று மாலையே என்ன முடிவானது, யார் என்றைக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்ன மெயில் போய்விட வேண்டும். நன்றாகப் பேசிவிட்டு இதை விட்டவர்களின் ஆர்டர் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக முதலாளிகளுக்கு. பல கம்பெனிகளில் எல்லா மீட்டிங்கிலும் முதலாளியோ மேனேஜரோதான் பேசுகிறார்கள். வேலை செய்தவர் பின்னால் உட்கார்ந்து தலையாட்டுகிறார். அந்த மோல்டிங் சூப்பர்வைசரை யாரும் பேசச் சொல்லவில்லை, அவராகப் பேசினார். எல்லாரும் அப்படிப் பேசிவிட மாட்டார்கள், குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்த பெண் இன்ஜினியர்கள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இடம் கொடுத்துப் பழக்க வேண்டியது கம்பெனியின் வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு மெஷின் ஷாப்பில் சனிக்கிழமை டீ நேரத்துக்கு முன்னால் இதைச் செய்கிறார்கள். ஒருவர் எழுந்து அந்த வாரம் நடந்த ஒன்றை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒரு டூல் ஏன் உடைந்தது, ஒரு டெலிவரி ஏன் தாமதமானது, பீஸைப் பிடித்து நிறுத்தும் ஒரு ஜிக்கை மாற்றியதில் எவ்வளவு நேரம் மிச்சமானது, ஏதாவது ஒன்று. ஸ்லைடு கிடையாது, பீஸையோ டூலையோ கையில் எடுத்துக் காட்டலாம். முதல் வாக்கியத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் விதி. அப்புறம் மற்றவர்கள் வாடிக்கையாளர் மாதிரி கேள்வி கேட்பார்கள், இரண்டு நிமிடம். யாரும் உச்சரிப்பைத் திருத்துவதில்லை. எந்த இடத்தில் புரியவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள். செலவு ஒன்றும் இல்லை. உங்கள் கம்பெனியில் ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் சில வாரம் முதலாளி பேச வேண்டாம். கேள்வி கேட்கும் பக்கம் உட்காரட்டும், அதுவும் மற்றவர்கள் எல்லாரும் கேட்டு முடித்த பிறகு கேட்கட்டும்.